தமிழ் தெரிந்த செயலிக்கு வன்னியைத் தெரியாது

வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம். இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள முள்ளியவளையில் ஒரு வீட்டில் கைபேசி சிணுங்குகிறது: ‘கனமழை: நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு.’ பிள்ளை சந்தோசத்தில் புத்தகப்பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுகிறது. செய்தி பொய்யில்லை. ஆனால் அது நாகப்பட்டினத்துக்கோ தஞ்சாவூருக்கோ உரியது. எங்கள் பிள்ளைகள் போவது பாடசாலைக்கு; விடுமுறை அறிவிப்பவர் அரசாங்க அதிபர் அல்லது கல்வித் திணைக்களம். ‘உங்களுக்காகவே தெரிந்தெடுத்த செய்தி’ என்று வரும் செயலிகள் வன்னியில் எங்கே வழுக்குகின்றன என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

மழைக்காலத்தில் இந்த வழுக்கல் விளையாட்டல்ல. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்து, வன்னியை ஊடறுத்து, மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிப் பாம்பன் பக்கம் போனது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவும் இலங்கையை உழுதுவிட்டுத்தான் தமிழ்நாட்டுக் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தது. புயல் ஒன்று, பெயர் ஒன்று, செய்தியின் மொழியும் ஒன்று. ஆனால் ‘புயல் நெருங்குகிறது’ என்று அங்கே எழுதப்படும் நேரத்தில் இங்கே அது தாண்டிப் போய்விட்டிருக்கும். இல்லையென்றால் அங்கே ‘இன்னும் இரண்டு நாள்’ என்று எழுதும்போது இங்கே கூரை பறந்துகொண்டிருக்கும். நேரத்தைப் பார்த்துப் பிரித்தறியலாம் என்றாலும் முடியாது. 2006 ஏப்ரலில் இருந்து இலங்கையும் இந்தியாவும் ஒரே கடிகாரத்தில்தான் ஓடுகின்றன.

ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்க, செயலி ஒருவரை எப்படிப் ‘படிக்கிறது’ என்று பார்க்கவேண்டும். கூகிள் நியூஸ், டெய்லிஹண்ட், ஓபெரா நியூஸ், அன்ட்ரொயிட் போனின் முதல் திரையை வலப்பக்கம் இழுத்தால் வரும் டிஸ்கவர் என்று பெயர்கள் பல. உள்ளே நடக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றே. எந்த மொழியைத் தெரிவுசெய்தீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எதைத் தொட்டுத் திறந்தீர்கள், திறந்ததில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எதைப் பாராமல் உருட்டித் தள்ளினீர்கள், எந்தத் தலைப்பைப் பின்தொடர்கிறீர்கள்: இவ்வளவையும் எண்ணாக்கி, புதிதாக வந்த ஒவ்வொரு செய்திக்கும் உங்களுக்கென்று ஒரு புள்ளி போடுகிறது. கூடவே, ‘உங்களைப்போல’ வாசிக்கும் மற்றவர்கள் எதைத் திறந்தார்கள் என்பதும் அந்தப் புள்ளியில் சேரும். கூடிய புள்ளி பெற்றது மேலே வரும்.

அந்தக் கடைசிக் கணக்கில்தான் வன்னி தோற்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் சேர்ந்தே ஐந்து இலட்சம் வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7 கோடியே 21 இலட்சம். வன்னியில் ஒருவருக்கு அங்கே நூற்றைம்பது பேர். ‘உங்களைப்போலத் தமிழ் வாசிப்பவர்கள்’ என்று செயலிக்குள் கணக்குப் போடும் பொறி ஆட்களைத் தேடினால் கையில் அகப்படுவது மதுரைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும்தான். ஒட்டுசுட்டானில் நெல் நனைந்த செய்தியை முப்பது பேர் திறந்திருப்பார்கள். சென்னையில் ஒரு நடிகரின் கார் விபத்தை மூன்று இலட்சம் பேர் திறந்திருப்பார்கள். எதை மேலே தூக்குவது என்று பொறிக்குச் சந்தேகமே வராது.

இன்னொரு பூட்டு மொழிப் பட்டியலில் இருக்கிறது. கூகிள் நியூஸில் மொழியும் நாடும் சோடி சோடியாக வரும். தமிழ் அங்கே இந்தியாவோடு சோடி சேர்ந்திருக்கிறது. தமிழைத் தெரிவுசெய்த கையோடு இந்தியாவையும் தெரிவுசெய்துவிடுகிறீர்கள். முதற்பக்கச் செய்தி, தேர்தல், தங்கவிலை எல்லாம் அந்த வழியால் வருகின்றன.

போதாக்குறைக்கு இருப்பிடம். ஜீ.பி.எஸ். அனுமதி கொடுக்காவிட்டால் செயலி உங்கள் இணைய முகவரியை வைத்து ஊரை ஊகிக்கும். கைபேசி டேற்றாவில் போகும்போது அந்த ஊகம் பெரும்பாலும் கொழும்பில் போய் நிற்கும், வலையமைப்பின் வாசல் அங்கே இருப்பதால். மாங்குளத்தில் இருப்பவருக்குக் கொழும்பு மழை, சென்னை அரசியல். நடுவில், வன்னியை ஊடறுக்கும் ஏ9 வீதி முழுக்கக் காணாமற் போய்விடுகிறது.

பழக்குவது எப்படி

முதலில் இருப்பிடம். செற்றிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, அனுமதிகளில் இருப்பிடத்தை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று விடுங்கள். அன்ட்ரொயிட் 12இலிருந்து துல்லியமான இடம், தோராயமான இடம் என்று இரண்டு தெரிவு வரும். செய்திக்குத் தோராயம் தாராளம்; உங்கள் வீட்டு வளவு எது என்று ஒரு செய்திச் செயலிக்குத் தெரியவேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது, மொழியை ஒன்றோடு விடாதீர்கள். கூகிள் நியூஸ் இரண்டு மொழியைச் சேர்த்து வைக்க விடும். தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்து, ஆங்கில எழுத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று தேடிப் பின்தொடர்ந்தால் வேறொரு வாசல் திறக்கும். கொழும்பில் வெளியாகும் அறிவித்தல்கள் பல முதலில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்து, தமிழுக்குப் பிந்தித்தான் வருகின்றன. ஆங்கிலம் ஓடாதவர்களுக்கும் தலைப்பைப் பார்த்து ‘ஏதோ நடந்திருக்கிறது’ என்று ஊகிக்க இது உதவும். மிச்சத்தைத் தமிழில் தேடிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் முக்கியமான வேலை: ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பின்தொடர்வது. தேடல் பெட்டியில் பெயரை எழுதி, வரும் பக்கத்தில் நட்சத்திரத்தையோ ‘பின்தொடர்’ என்பதையோ தொடவேண்டும். எந்தப் பெயர் என்பதில் கவனம் வேண்டும். ‘கிளிநொச்சி’, ‘முல்லைத்தீவு’, ‘வவுனியா’ மூன்றும் உலகத்தில் ஒன்றுதான், பிரச்சினை இல்லை. ‘மன்னார்’ என்று போட்டால் மன்னார் வளைகுடாவின் கடற்பசுக்களும் தூத்துக்குடி மீனவரும் வருவார்கள். ‘மாங்குளம்’ என்றால் மதுரைக்குப் பக்கத்து மாங்குளமும் அதன் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் வரும். ‘செட்டிகுளம்’ பெரம்பலூரிலும் உண்டு. ‘புதுக்குடியிருப்பு’ மட்டக்களப்பிலும் உண்டு. வெறும் ‘வன்னி’ மிக மோசம்: வன்னி மரம், வன்னியர், பிறகு தேர்தல் காலமானால் வன்னித் தேர்தல் மாவட்டம். அந்தத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சி இல்லை என்பதையும் மறக்கவேண்டாம். கிளிநொச்சியின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு எண்ணப்படுகிறது. ஆகவே ‘வன்னி’ ஒன்றைப் பின்தொடர்ந்துவிட்டு எல்லாம் வரும் என்று இருந்தால் அரை வன்னிதான் வரும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு, அது எங்கள் எழுத்திலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் சில சொற்களை எழுதும் விதம் தமிழ்நாட்டில் கிடையாது. நாங்கள் பொலிஸ் என்போம், அவர்கள் போலீஸ். நாங்கள் பெற்றோல், லீற்றர், டொலர், ரூபா. அவர்கள் பெட்ரோல், லிட்டர், டாலர், ரூபாய். எங்களுடையது வைத்தியசாலை, அவர்களுடையது மருத்துவமனை. நெல் எங்களிடம் ‘கொள்வனவு’ செய்யப்படும், அங்கே ‘கொள்முதல்’. ஊர்ப்பெயரோடு இப்படி ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடினால் கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பது மட்டும் மேலே வரும்: ‘மாங்குளம் பொலிஸ்’, ‘புதுக்குடியிருப்பு வைத்தியசாலை முல்லைத்தீவு’, ‘நெல் கொள்வனவு கிளிநொச்சி’. சில தேடல்கள் பொலிஸையும் போலீஸையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளும். அப்போது சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் எழுத்தை அப்படியே பிடிக்கும். எழுத்து மாறி வரும் ஊர்களை இரண்டு விதமாகவும் தேடவேண்டும். இரணைமடு ‘இரணமடு’ என்றும் வரும், ஒட்டுசுட்டான் ‘ஒட்டிசுட்டான்’ என்றும் வரும்.

அதே சொற்கள் வாசிக்கும்போதும் கைகொடுக்கும். தங்கம் ‘சவரனுக்கு’ இறங்கியது என்று கண்டால் அது சென்னை விலை. எங்கள் விலை ‘பவுணுக்கு’. இரண்டும் எட்டுக் கிராம்தான். ஆனால் இந்திய ரூபாய் ஒன்று எங்கள் ரூபா மூன்றுக்கு மேல். அந்தத் தொகையை இலங்கை ரூபாவென்று நம்பி நகைக்கடைக்குப் போனால் அவமானம்தான் மிச்சம். ‘ரெட் அலர்ட்’, ‘ஆரஞ்சு அலர்ட்’, ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்றிருந்தால் இந்திய வானிலைத் துறை. ‘தாழமுக்கம்’, ‘செம்மஞ்சள் எச்சரிக்கை’ என்றும் வளிமண்டலவியல் திணைக்களம் என்றும் இருந்தால் எங்களுக்கு.

நான்காவது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்வது. பலர் இதைச் செய்வதில்லை. பிடிக்காத செய்தியை உருட்டித் தள்ளிவிட்டுப் போவார்கள். உருட்டுவது பலவீனமான சைகை. செய்திக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, ‘இதுபோன்றவற்றைக் குறை’ அல்லது ‘இந்தத் தளத்திலிருந்து வருவதை மறை’ என்பதைத் தெரிவதுதான் பலமான சைகை. பத்துப் பதினைந்து நாள் விடாமல் செய்தால் முகம் மாறும். ஒரு எச்சரிக்கை: கோபத்தில் திறந்து வாசித்தாலும் பொறிக்கு அது வாசிப்புத்தான். ‘இதென்ன விசர்க்கதை’ என்று திட்டுவதற்காகத் தினமும் ஒரு தளத்தைத் திறப்பவருக்கு அந்தத் தளமே தினமும் முதலில் வரும்.

நின்று பார்த்த நேரம்

இந்த நேரக் கணக்கில் வன்னிக்கென்று ஒரு விசேசமான கோளாறு உண்டு. மே மாதம் பிறந்தால் போர் முடிந்த 2009இன் படங்கள் மறுபடி சுற்றத் தொடங்கும். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டம் ஒவ்வொரு ஆண்டு நிறைவிலும் செய்தியாகும். கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் நீர்க்குழாய்க்குத் தோண்டியபோது வெளிப்பட்ட மனிதப் புதைகுழி பற்றிய செய்திகளோடு எடுக்கப்பட்ட உடைகளின், பொருட்களின் படங்களும் வந்தன. அப்படிப் படம் ஒன்று திரையில் வரும்போது ஒரு தாய் விரலை எடுத்துவிட்டு நிற்கிறா. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறா. சேட்டின் நிறம், பொத்தான், பின்னுக்கு நிற்கும் ஆளின் காது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு கீழே போய், மறுபடி மேலே வந்து இன்னொருமுறை.

பொறிக்கு இது தொண்ணூறு வினாடி ஆர்வம். அதைவிடப் பலமான சைகை ஒன்றை ஒரு வாசகர் கொடுக்கமுடியாது. அடுத்த நாள் அதேபோல நாலு படம் வரும், அதற்கடுத்த நாள் எட்டு. அவற்றில் பாதி பழைய படங்கள். சில வேறு நாட்டுப் போர்களின் படங்களாகவும் இருக்கும், பார்வையாளர் எண்ணிக்கைக்காகத் தலைப்பு மாற்றிப் போட்டவை. தேடுகிற கண்ணையும் ரசிக்கிற கண்ணையும் பிரித்தறியும் அளவீடு அங்கே கிடையாது.

இதைக் கையாள மூன்று இடத்தில் கைவைக்கலாம். அந்தச் செய்திகளைத் தொடர்ந்து அறியவேண்டும் என்றால் ‘உங்களுக்காக’ பக்கத்தில் விடாமல் ஒரு தலைப்பாகப் பின்தொடர்ந்து, மனம் தயாரான நேரத்தில் அந்தத் தலைப்பை மட்டும் திறக்கலாம். படமாகக் கொட்டும் தளங்களை மறைக்கலாம். கூகிள் கணக்கில் ‘எனது செயல்பாடு’ என்ற இடத்துக்குப் போய்க் கடந்த நாட்களின் பதிவை அழிக்கலாம். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று தானாக அழியும்படியும் வைக்கலாம். மூன்று மாதம் வைத்தால் மே மாதத்தின் பாரம் ஓகஸ்ட் கழிய இறங்கும்.

சிணுங்கல் ஏன் பிந்துகிறது

அறிவித்தல்கள், அதாவது நொட்டிபிகேஷன்கள், ஒரு வகையில் வன்னிக்கு மிகப் பொருத்தமானவை. கூகிளின் வழியால் வரும் ஒரு அறிவித்தலின் பொதி 4096 பைற்றைத் தாண்டக் கூடாது என்பது விதி. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைற். ‘கி’ என்றால் ககரமும் விசிறியும் சேர்ந்து 6. அப்படிப் பார்த்தாலும் தலைப்பும் இரண்டு வரியும் தாராளமாக அடங்கும். ஒரு கோடு சிக்னல் இருந்தாலே வந்து சேரும். பக்கம் திறக்காது, ஆனால் தலைப்பு வந்துவிடும்.

ஆனால் பிந்தும். காரணங்கள் இரண்டு. முதலாவது பற்றரி. அன்ட்ரொயிட் 6இலிருந்து, போன் அசையாமல் கிடந்தால் அது உறக்கத்துக்குப் போய், சாதாரண அறிவித்தல்களைச் சேர்த்துவைத்து இடையிடையே மட்டும் வாங்கும். எங்கள் பக்கம் அதிகம் ஓடும் மலிவான போன்கள் பல இன்னும் ஒரு படி மேலே போய், பின்னால் ஓடும் செயலியையே கொன்றுவிடும். இரவு பதினொரு மணிக்கு வந்த வெள்ள எச்சரிக்கை காலை ஐந்தரைக்குப் போனைத் தூக்கியதும் சிணுங்குவது இதனால்தான். செற்றிங்ஸில் அந்தச் செயலியின் பற்றரிப் பகுதிக்குப் போய்க் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகும். எல்லாச் செயலிக்கும் வைக்காதீர்கள். பற்றரி மத்தியானத்துக்கே படுத்துவிடும். ஒன்றே ஒன்றுக்கு.

இரண்டாவது காரணம் ரவர். வயலிலும் காட்டோரத்திலும் சிக்னல் இல்லாமல் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வீதிக்கு ஏறியதும் சிணுங்கல் கோர்வையாக வரும். அனுப்பியவர் குறுகிய ஆயுள் குறிப்பிடாவிட்டால் ஒரு அறிவித்தலைச் சேவையகம் நான்கு கிழமை வரை வைத்திருந்து கொடுக்கும். அறிவித்தலுக்குப் பக்கத்தில் போன் காட்டுவது பெரும்பாலும் அது வந்து சேர்ந்த நேரத்தை, எழுதப்பட்ட நேரத்தை அல்ல. ‘வான்கதவுகள் திறக்கப்படவுள்ளன’ என்பது நேற்று மாலையின் செய்தியாக இருக்கலாம். திறந்து உள்ளே இருக்கும் திகதியையும் நேரத்தையும் பார்க்காமல் யாருக்கும் அனுப்பக்கூடாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட பிறகு கிளிநொச்சியில் மணித்தியாலக் கணக்கில் நிலைமை மாறியதை அறிந்தவர்களுக்கு, நேரம் பிசகிய செய்தி எவ்வளவு பாரதூரம் என்று சொல்லத் தேவையில்லை.

வேண்டாத சிணுங்கலை நிறுத்தப் பலர் செயலி முழுவதையும் ஊமையாக்குகிறார்கள். அது தப்பு. வந்த அறிவித்தலை அழுத்திப் பிடித்தால் அதன் வகை தெரியும்: முக்கியச் செய்தி, சினிமா, விளையாட்டு, பரிந்துரை. சினிமாவை மட்டும் நிறுத்தி முக்கியச் செய்தியை விடலாம். அழுத்தும்போது தெரிவது செயலியின் பெயரல்ல, உலாவியின் பெயர் என்றால் அது வேறு நோய். ஏதோ ஒரு தளத்தில் ‘அனுமதி’ என்பதைத் தொட்டுவிட்டீர்கள். வெளிநாட்டு வேலை, லொத்தர் பரிசு என்று வருபவற்றில் பாதி இந்த வழிதான். குரோமின் செற்றிங்ஸில் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று போய் அந்தத் தளத்தைத் தடுத்துவிடுங்கள்.

ஒரு வீட்டில் ஒரு போன் என்றால் இன்னொரு சிக்கல். காலையில் அப்பா நெல்விலை பார்ப்பார், மத்தியானம் மகள் உயர்தரக் கடந்தகால வினாத்தாள் தேடுவாள், பின்னேரம் மகன் கிரிக்கெட், இரவு அம்மம்மா பக்திப்பாட்டு. பொறி இந்த நாலு பேரையும் ஒரே ஆளென்று நம்பி ஒரு விசித்திரப் பிறவிக்குச் செய்தி தயாரிக்கும். அதிகம் தொடுகிறவரே வெல்வார். அது அநேகமாகக் கிரிக்கெட். போனில் வேறு பயனர் கணக்குத் திறக்கும் வசதி இருந்தால் பிரிக்கலாம். இல்லாவிட்டால் ‘உங்களுக்காக’ பக்கத்தை மறந்துவிட்டு, பின்தொடரும் தலைப்புகளின் பக்கத்தை மட்டும் பாவிப்பது நல்லது. முன்பு சனசமூக நிலையத்தில் பத்திரிகையின் தாள்களைப் பிரித்துப் பிரித்து வாசிப்பார்கள். நடுத்தாள் மற்றவர் கையில் இருந்தால் கிடைத்த தாளை வாசிக்கவேண்டியதுதான். யாருக்கும் பிடித்தது மட்டும் கிடைக்கவில்லை என்பதில் ஒரு நன்மையும் இருந்தது.

டேற்றாக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். 400 சொல்லில் ஒரு தமிழ்ச் செய்தியின் எழுத்து மட்டும் 12 கே.பி.க்குள் அடங்கும். அதே செய்தி விளம்பரமும் படமும் சேர்ந்த பக்கமாக வந்தால் 2 எம்.பி.யைத் தாண்டுவது சாதாரணம். தானாக ஓடும் வீடியோ நடுத்தரத் தெளிவில் நிமிடத்துக்கு 8 எம்.பி. அளவில் தின்னும். ரீலோட் போட்ட டேற்றா எங்கே போனது என்று தேடுபவர்கள் முதலில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தவேண்டும், பிறகு செயலியில் டேற்றாச் சேமிப்பை இயக்கவேண்டும். தளங்களை நீங்களே தெரிந்து, வரிசைப்படி, எந்தப் புள்ளிக்கணக்கும் இல்லாமல் வாசிக்க ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடை வாசிப்பான்களும் உண்டு. எங்கள் செய்தித் தளங்கள் பல வேர்ட்பிரஸில் ஓடுவதால், தளத்தின் முகவரியை அங்கே கொடுத்தாலே பெரும்பாலும் ஓடையை, அதாவது அந்தத் தளத்தின் புதுச்செய்திப் பட்டியலை, கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் மினக்கெடவேண்டும், ஆனால் பலன் அதிகம். வீட்டில் யாராவது ஒருவர் இதை ஒருமுறை செய்து கொடுத்துவிட்டால் போதும்.

எவ்வளவு பழக்கினாலும் வராதவை

தொண்ணூறுகளில் போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பற்றரி வர விடாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். அந்தச் செய்தி கொழும்பிலோ இலண்டனிலோ இருந்து வந்தது. பக்கத்துக் கிராமத்துச் செய்தி ஆட்கள் வாயால் வந்தது. செயலிக் காலத்திலும் இந்தப் பிரிவினை முழுக்க மாறவில்லை.

காரணம் தொழில்நுட்பம்தான். செயலி எழுத்தைத்தான் வாசிக்கும். எங்கள் அன்றாடத்துக்கு மிகவும் வேண்டிய அறிவித்தல்கள் எழுத்தாக இணையத்தில் ஏறுவதில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவெடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் திகதி, கமநல சேவை நிலையத்தில் உரமானியப் பதிவு, பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் நேரம், கிராம உத்தியோகத்தரின் கணக்கெடுப்பு நாள்: இவை கடதாசியில் அச்சடித்து, கையொப்பமிட்டு, போட்டோ எடுத்து வட்ஸ்அப்பிலும் வைபரிலும் போடப்படுகின்றன. போட்டோவுக்குள் இருக்கும் எழுத்து செய்திச் செயலியின் தேடலுக்குள் அகப்படாது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்துப் பீ.டி.எப். ஆக ஏற்றியவையும் அப்படியே. மனிதக் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது பொறிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. இரணைமடுவின் நீர்மட்டம் 36 அடியில் எத்தனையாவது அடியில் நிற்கிறது என்பது பெருமழையின்போது மட்டும் செய்தியாகும். சிறுபோகத்துக்கு முன் விவசாயிக்கு அது தேவைப்படும் மாதங்களில் கமக்காரர் அமைப்பின் குழுவில்தான் கிடைக்கும்.

மரண அறிவித்தல்களும் செயலிக்குள் வராது. அவை விளம்பரப் பகுதி, செய்தியாகக் கணக்கில்லை. ஆனால் வன்னியில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும் வயதானவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அந்தத் தளத்தை உலாவியில் நேரே திறந்து, முதல் திரையில் குறும்பொத்தானாக வைத்துக் கொடுப்பதே வழி.

ஆகவே ஒரு வீட்டுக்கு இரண்டு தடம் வேண்டும். நாட்டுச் செய்திக்கும் வானிலைக்கும் பழக்கி எடுத்த ஒரு செயலி. ஊர்ச் செய்திக்கு, உத்தியோகத்தர் யாராவது உள்ளே இருக்கும் ஒரு குழு. கூடவே எண்கள் சிலவற்றைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, விவசாய ஆலோசனை 1920, மின்தடை முறைப்பாடு 1987, அரச தகவல் நிலையம் 1919. அறிவித்தலில் சந்தேகம் வந்தால் இன்னொரு தளத்தில் தேடுவதைவிட அழைத்துக் கேட்பது சுருக்கு வழி, ஏனென்றால் இன்னொரு தளமும் முதல் தளத்தைப் பார்த்து எழுதியதாகவே இருக்கும்.

குழுவில் வரும் போட்டோவுக்கும் ஒரு சோதனை உண்டு. பெரிதாக்கி, கடிதத் தலைப்பு, கையொப்பத்துக்குக் கீழே இறப்பர் முத்திரை, திகதி மூன்றையும் பாருங்கள். போன வருசத்து உரமானியக் கடிதம் இந்த வருசமும் சுற்றும், அதே முத்திரையோடு. திகதி பெரும்பாலும் மேல் வலது மூலையில் இருக்கும். போட்டோ எடுப்பவர்கள் வெட்டிவிடுவதும் அந்த மூலையைத்தான்.